எக்லெக்டஸ் கிளிக்குச் சொட்டுமருந்து வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த செல்லப்பறவைகள் கட்டுரையில் எக்லெக்டஸ் கிளிக்கும் ஒரு பத்தி ஒதுக்கியிருந்தீர்கள். இந்தக் கடிதம் அந்த ஒரு பத்திக்காக மட்டும். எக்லெக்டஸ் சாதுவான கிளி, எந்தக் கிளித்தீனியும் அதற்கு ஒத்துக்கொள்ளும், குடிக்கும் தண்ணீரில் தினமும் சில சொட்டு வைட்டமின் கலந்துவிட்டால் வேறு கவலை இல்லை என்று எழுதியிருக்கிறார் கட்டுரையாளர். மூன்றில் ஒன்றுகூடச் சரியில்லை.

நான் மருந்தாளுநராக இருந்து ஓய்வு பெற்றவள். கைவிடப்பட்டும் மீட்கப்பட்டும் வரும் கிளிகளைப் பராமரிக்கிற காப்பகம் ஒன்றில் இப்போது காலைத் தீனி என் பொறுப்பு. அங்கே எனக்கு அதிகம் வேலை வைப்பவை எக்லெக்டஸ்கள்தான். சொட்டுமருந்து என்று எங்கே படித்தாலும் "என்ன அளவு, எவ்வளவு எடைக்கு?" என்று கேட்கும் பழக்கம் இன்னும் என்னை விடவில்லை. அதனால் வைட்டமினிலிருந்தே தொடங்குகிறேன்.

வைட்டமின்களில் தண்ணீரில் கரைபவை உண்டு, கொழுப்பில் கரைபவை உண்டு. பி, சி மிஞ்சினால் பெரும்பாலும் சிறுநீரோடு வெளியேறிவிடும். ஏ, டி போன்றவை அப்படிப் போகாமல் உடம்பிலேயே தங்கும். ஏ மிஞ்சினால் கல்லீரலில் சேரும். டி வைட்டமினின் ஒரு வடிவமான டி3 மிஞ்சினால் சிறுநீரகத்தில் கால்சியம் படியும். வளர்ந்த எக்லெக்டஸ் ஒன்றின் எடை பெரும்பாலும் 400 முதல் 550 கிராம். அரைக் கிலோ உடம்புக்குச் 'சில சொட்டு' என்பது என்ன கணக்கு? அதையும் தண்ணீரில் கலந்துவிட்டால் இருந்த கணக்கும் போச்சு. பழமும் காயும் தின்கிற பறவை இது. அதற்கு வேண்டிய நீரில் பெரும்பகுதி உணவிலிருந்தே கிடைத்துவிடும். ஒரு நாள் குடிக்கும், மறுநாள் கிண்ணத்தைத் திரும்பியும் பார்க்காது. மருந்துச் சுவை பிடிக்காமல் தண்ணீரையே ஒதுக்கிவிடும் பறவைகளும் உண்டு. வெளிச்சம் பட்டால் வைட்டமினின் வீரியம் குறையும். மருந்தில் இனிப்பு சேர்த்திருந்தால் கிண்ணத்தில் கிருமிதான் பெருகும். எவ்வளவு உள்ளே போகிறது என்று தெரியாமல் கொடுப்பதை மருந்து என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

எக்லெக்டஸுக்கு வைட்டமின் ஏ நிறையத் தேவை என்பது உண்மைதான், அதை நான் மறுக்கவில்லை. வெறும் சூரியகாந்தி விதையிலேயே வளர்ந்து எங்களிடம் வந்து சேரும் பறவைகளின் வாய்க்குள் பார்த்தால் தெரியும். மேல் அண்ணத்தில் கூர்கூராக இருக்க வேண்டிய சிறு முட்கள் மழுங்கிப்போயிருக்கும், சில சமயம் வெள்ளைத் திட்டுகள் இருக்கும், மூக்கடைப்பு அடிக்கடி வரும். ஏ சத்துக் குறைந்தால் மூக்கு, வாய், மூச்சுக்குழாயின் உள்தோல் தடித்துக் காய்ந்துபோகிறது. பிறகு கிருமிக்கு வழி திறந்த மாதிரிதான். ஆனால் அந்த ஏ எங்கிருந்து வருகிறது என்பதைப் பார்க்க வேண்டும். செடிகொடிகளில் இருப்பது பீட்டா கரோட்டின். உடம்பு தனக்கு வேண்டியதை மட்டும் அதிலிருந்து ஏ வைட்டமினாக மாற்றிக்கொள்ளும், மிச்சத்தால் ஆபத்தில்லை. பாட்டிலிலும், பெல்லட் என்று சொல்கிற குச்சித் தீனியிலும் பெரும்பாலும் ஏற்கெனவே தயாரான வைட்டமின் ஏ சேர்த்திருப்பார்கள். பெல்லட்டும் போட்டு, அதன்மேல் பொடியும் தூவி, தண்ணீரில் சொட்டும் விட்டால் ஒரே மருந்தை மூன்று சீட்டில் வாங்கிச் சாப்பிட்டதற்குச் சமம். மனிதர்களிடம் இதைப் பார்த்தால் கடையில் நிறுத்திக் கேட்போம். கிளிக்குக் கேட்க ஆளில்லை.

பச்சையன் என்று நாங்கள் பெயர் வைத்த ஆண் பறவை வந்தபோது கூடவே ஒரு பை நிறையச் சத்துப்பொடி டப்பாக்களும் வந்தன. வளர்த்தவர் அன்பில் எந்தக் குறையும் வைக்கவில்லை, அது பையைப் பார்த்தாலே தெரிந்தது. தீனி சிவப்பும் மஞ்சளும் பச்சையுமாக மிட்டாய்போல் இருக்கும் பெல்லட். பறவையோ கிளையில் உட்கார்ந்து கால்விரல்களை மூடி மூடித் திறந்துகொண்டிருந்தது. தூங்கும்போதும் அந்தத் தட்டல் நிற்கவில்லை. இடையிடையே இறக்கையைப் படபடவென்று உதறும். தாளம் போடுகிறான், இசை கேட்டால் ஆடுகிறான் என்று அவனை வைத்துப் படம்கூட எடுத்திருந்தார்களாம். அது ஆட்டம் இல்லை, தன் வசமில்லாத இழுப்பு. எக்லெக்டஸ் வளர்ப்பவர்களும் பறவை மருத்துவர்களும் நன்றாக அறிந்த அடையாளம் அது. சத்துகளை அளவுக்கு மேல் ஏற்றிய தீனி, செயற்கை நிறம் இவற்றோடு சேர்த்தே அதைப் பேசுவார்கள். கால்சியம் குறைந்தாலும் இதே மாதிரி இழுக்கும் என்பதால் முதலில் ரத்தப் பரிசோதனை செய்தோம். கால்சியம் சரியாகவே இருந்தது. பொடிகளை அன்றே நிறுத்தினோம், பெல்லட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தோம். வாரங்கள் போகப் போகத் தட்டல் குறைந்து, பின்பு நின்றது. பெல்லட் என்றாலே நஞ்சு என்று நான் சொல்ல மாட்டேன். நிறம் சேர்க்காத வகையைச் சிறிதளவு, மருத்துவர் சொன்னால், சில பறவைகளுக்குக் கொடுக்கிறோம். அதையே மூன்று வேளையும் சாப்பாடாக ஆக்குவதுதான் இந்தக் கிளிக்கு ஒத்துவரவில்லை.

அப்படியானால் என்ன கொடுப்பது என்று வாசகர்கள் கேட்பார்கள். நியூ கினியும் அதைச் சுற்றியுள்ள தீவுகளும் ஆஸ்திரேலியாவின் வடமுனையும் இதன் காடு. அத்திப்பழம், கொட்டை, மொட்டு, பூ, இளந்தளிர் என்று மரத்துக்கு மரம் தேடித் தின்னும். வீட்டில் அதற்கு மிக அருகில் வருவது காய்கறிதான். எங்கள் தட்டில் பாதிக்குமேல் காய் இருக்கும்: வேகவைத்த சர்க்கரைவள்ளி, பூசணி, கேரட், சிவப்புக் குடைமிளகாய், சோளம், கரும்பச்சை இலைகள். காரமான மிளகாயும் தாராளமாகத் தின்னும், பறவைக்கு அந்தக் காரம் உறைக்காது. எல்லாக் கீரையும் ஒன்றல்ல. ஆக்சலேட் என்ற உப்பு மிகுந்த கீரை கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அதை எப்போதாவது கொடுத்தால் போதும். முளைகட்டிய பயறு நல்லது. ஒவ்வொரு வேளையும் அலச வேண்டும், லேசாக வாடை வந்தாலும் குப்பைக்குத்தான் போக வேண்டும். பெரிய பயறுகளை வேகவைக்காமல் கொடுக்கக் கூடாது. கொஞ்சம் வேகவைத்த தானியம், எப்போதாவது ஒரு பாதாமோ வால்நட்டோ.

பழம் பிறகு. பப்பாளி, மாம்பழம் இரண்டிலும் கரோட்டின் உண்டு. மாதுளையைக் கொடுத்தால் சுவரெல்லாம் சிவப்பாகும், அதற்குத் தயார் என்றால் கொடுங்கள். நாம் வாங்கும் பழங்கள் இனிப்புக்காகவே வளர்த்தெடுத்தவை, காட்டுப் பழத்தின் கணக்கு அவற்றுக்குப் பொருந்தாது. அதனால்தான் காய்க்கு அடுத்த இடம் கொடுத்தேன். விதை ஒரு கை நிறைய என்பது எங்கள் காப்பகத்தில் கிடையாது. ஒன்றிரண்டாகக் கையில் வைத்துக் கொடுக்கிறோம், பழக்குவதற்குக் கூலியாக. விதையில் கொழுப்பு அதிகம், கால்சியம் குறைவு, பாஸ்பரஸ் அதிகம். அதிலேயே வளர்ந்த பறவை பார்க்கக் கொழுகொழுவென்று இருக்கும், உள்ளே கல்லீரல் கொழுத்திருக்கும்.

இன்னொன்று, இந்தத் தீனிக்கு மாறியபின் எச்சம் இளகலாகவும் நிறையவும் இருக்கும். பேதி என்று பயந்து ஓடி வருகிறார்கள். ஈரமான உணவு தின்றால் நீர் அதிகம் போகத்தானே செய்யும்? உருண்டையாக வர வேண்டிய பகுதியே கரைந்து போனால்தான் கவலைப்பட வேண்டும். வெட்டிய காயையும் பழத்தையும் வெயில் காலத்தில் இரண்டு மணி நேரத்துக்குமேல் கூண்டில் விடாதீர்கள். தண்ணீரில் உணவைத் தோய்த்துத் தின்னும் பழக்கமும் உண்டு என்பதால் கிண்ணத்தை ஒரு நாளில் பலமுறை மாற்ற வேண்டியிருக்கும்.

மீட்ட பறவையிடம் நேற்றுவரை தின்றதைப் பிடுங்கிவிட்டு இன்று சர்க்கரைவள்ளியை நீட்டினால், அதை உணவு என்றே அது நினைக்காது. பட்டினி கிடந்து செத்துப்போன கிளிகள் உண்டு. எனவே பழைய தீனி தொடரட்டும், அளவு மட்டும் மெல்லக் குறையட்டும். காலையில் பசி இருக்கும் நேரத்தில் புதிய உணவு முதலில், பழையது பிறகு. பொடியாக நறுக்கினால் தொடாத பறவை பெரிய துண்டைக் கம்பியில் கோத்துத் தொங்கவிட்டால் கிழித்துப் பார்க்கும். சிலதுக்கு நேர் எதிர். சூடு தணிந்த வெதுவெதுப்பு பல பறவைகளுக்குப் பிடிக்கும். பக்கத்தில் உட்கார்ந்து நாமே தின்று காட்டுவதைவிட நல்ல வழியை நான் இன்னும் பார்க்கவில்லை. கிளிக்குப் பொறாமை உண்டு. இத்தனைக்கும் நடுவே கிராம் காட்டும் தராசு கட்டாயம். தினமும் காலையில், முதல் எச்சம் போட்டபின், தின்பதற்கு முன் நிறுத்து எழுதி வையுங்கள். 450 கிராம் பறவை 45 கிராம் இழந்தால் அது பத்து சதவீதம், அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். கிளி தன் நோயைக் காட்டிக்கொள்ளாது. காட்டில் தளர்ந்து தெரிகிற பறவையைத்தான் வேட்டைக்காரப் பறவை முதலில் அடிக்கும். நமக்கு முகம் சொல்லாததைத் தராசு சொல்லும்.

இடமில்லை என்று கடிதத்தைச் சுருக்குவதானால் எதை வேண்டுமானாலும் வெட்டுங்கள், இந்தப் பத்தியில் மட்டும் கை வைக்காதீர்கள். 'எல்லாப் பழமும் கொடுக்கலாம்' என்று கட்டுரையில் ஒரு வரி இருந்தது. அவகாடோ கொடுக்கக் கூடாது. அதிலுள்ள பெர்சின் என்ற பொருள் பறவையின் இதயத்தைத் தாக்கும், சிறிய துண்டுகூட உயிரை எடுக்கலாம். சாக்லேட், காபி, தேநீர், மது, வெங்காயம், உப்பிட்ட தின்பண்டம் எதுவும் ஆகாது. ஆப்பிளைக் கொடுக்கும்போது விதையை எடுத்துவிடுங்கள். ஒட்டாத பூச்சுப் பூசிய வாணலி அடுப்பில் காய்ந்து தீய்ந்தால் வரும் புகை நமக்குத் தெரியாமலே பறவையைச் சில நிமிடங்களில் கொன்றுவிடும். கிளி இருக்கும் வீட்டில் அந்தப் பாத்திரமே வேண்டாம். துத்தநாகம் பூசிய கம்பிக்கூண்டும் வேண்டாம், கடித்துக் கடித்து உலோகம் உடம்பில் ஏறும்.

கட்டுரையில் வந்த படத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 'பச்சைக் கிளியும் சிவப்புக் கிளியும், இரு வகை நண்பர்கள்' என்று கீழே போட்டிருந்தீர்கள். அவை இரு வகை அல்ல. பச்சை உடம்பும் ஆரஞ்சு அலகும் ஆண். சிவப்புத் தலையும் நீல வயிறும் கறுப்பு அலகும் பெண். இதற்காகத் தங்கள் உதவி ஆசிரியரைக் கடிந்துகொள்ள வேண்டாம். 1776-இல் அறிவியல் பெயர் பெற்ற இந்தப் பறவையின் ஆணையும் பெண்ணையும் வெவ்வேறு இனங்கள் என்றே ஐரோப்பிய அறிஞர்கள் வெகுகாலம் நம்பினார்கள். நியூ கினிக்குப் போய்வந்த மேயர் என்ற ஜெர்மானியர் 1870-களில் எடுத்துச் சொல்லும்வரை அதுதான் நிலை. சொன்ன பிறகும் பலர் உடனே ஏற்கவில்லை.

எங்களிடம் ஒரு பறவை 'ராஜா' என்ற பெயரோடு வந்தது. அத்தனை சிவப்பு அழகு, ஆண்தான் என்று வளர்த்தவர்கள் முடிவு செய்துவிட்டார்கள். ராஜா ஒருநாள் முட்டையிட்டது, அதிலிருந்துதான் அந்த வீட்டில் தகராறு. அலமாரிக்கு அடியில் நுழைந்துகொண்டு, கிட்ட வந்தவர்களையெல்லாம் கடிக்க ஆரம்பித்துவிட்டது. கோபக்காரப் பறவை என்று எங்களிடம் கொடுத்துவிட்டார்கள். ஆஸ்திரேலியாவின் கேப் யார்க் தீபகற்பத்தில் ராபர்ட் ஹைன்சோனும் அவருடன் ஆய்வு செய்தவர்களும் கண்டதைப் படித்தால் ராஜாவின் கோபம் புரியும். அந்தக் காட்டில் கூடு வைக்கத் தகுந்த மரப்பொந்துகள் மிகக் குறைவு. பொந்து கிடைத்த பெண் ஆண்டில் பதினொரு மாதம்வரை அதைவிட்டு நகராமல் காவல் காக்கும். பொந்துக்காக வேறு பெண்ணோடு சாகும்வரை சண்டை போடும். வாசலில் தெரியும் அந்தச் சிவப்பே 'இது என் இடம்' என்ற அறிவிப்பு. ஆண்களோ பச்சையாக இலைகளில் மறைந்து பறந்து உணவு தேடிக் கொண்டுவந்து ஊட்டும், ஒரு பெண்ணுக்குப் பல ஆண்கள். இதை 2005-இல் அறிவியல் உலகுக்கு அவர்கள் எழுதினார்கள். ஆகவே இருட்டான மூலை, அட்டைப்பெட்டி, அலமாரி இடுக்கு எது கிடைத்தாலும் பெண் எக்லெக்டஸுக்கு அது பொந்துதான். தூங்குவதற்கென்று கடைகளில் விற்கும் துணிக்கூடாரத்தை வாங்கித் தொங்கவிடுகிறார்கள் பாருங்கள், முட்டைக்கு அதைவிட அழைப்பு வேண்டாம்.

ராஜாவுக்கு நாங்கள் செய்தது பெரிதாக ஒன்றுமில்லை, முட்டையிடத் தூண்டுவதையெல்லாம் விலக்கியதுதான். இருட்டு இடங்களை அடைத்தோம். பத்து, பன்னிரண்டு மணி நேரம் தடையில்லாத தூக்கம் கொடுத்தோம். வெதுவெதுப்பான குழைந்த உணவை நிறுத்திக் காயைப் பச்சையாகவே வைத்தோம். முதுகையும் இறக்கைக்கு அடியையும் தடவ வேண்டாம், தலையோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்று எல்லோருக்கும் சொன்னோம். இட்ட முட்டையை உடனே எடுத்தால் ஈடுகட்ட இன்னொன்று இடும், அது சலித்து விட்டுவிடும்வரை அப்படியே விட்டோம். முட்டையிடும் பறவைக்குக் கால்சியம் உடம்பிலிருந்தே போகிறது. அது சேர டி3 வேண்டும், டி3 உண்டாக நேரடி வெயில் வேண்டும். கண்ணாடி ஜன்னல் வழியாக வரும் வெயில் இதற்கு உதவாது, தேவையான கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும். இறகைச் சிலிர்த்துக்கொண்டு கூண்டின் தரையில் உட்கார்ந்து முக்குகிற பெண் பறவையைக் கண்டால் காலைவரை காத்திருக்காதீர்கள், முட்டை சிக்கியிருக்கலாம்.

சாது என்ற பட்டம் எப்படி வந்தது என்று எனக்குத் தெரியும். வேறு கிளி பயந்தால் கத்தும், பறந்து முட்டும். எக்லெக்டஸ் பயந்தால் பெரும்பாலும் அசையாமல் உறைந்து நிற்கும். புது வீட்டில் அப்படி நின்றால் 'எவ்வளவு அமைதி' என்கிறார்கள், ஆளாளுக்குக் கையில் எடுக்கிறார்கள். இறகு ஒட்டி, கண் விரிந்து, தின்னாமல் நிற்கும் பறவை அமைதியாக இல்லை. சில வாரம் கழித்து நெஞ்சு இறகைப் பிடுங்க ஆரம்பிக்கும்போதுதான் தெரிகிறது. அப்போதும் 'மன உளைச்சல்' என்று ஒரே சொல்லில் முடித்துவிட வேண்டாம். அலகு நோய் வைரஸ், குடல் ஒட்டுண்ணி, உலோக நஞ்சு, கல்லீரல் கோளாறு, ஹார்மோன் என்று உடம்புக் காரணங்கள் வரிசையாக இருக்கின்றன. பரிசோதனை முடிந்தபிறகு பொம்மை வாங்கலாம். தினமும் நீர் தெளித்துக் குளிப்பாட்டுவதும், கிழித்துப்போட மரமும் இலையும் கொடுப்பதும் எந்தக் காரணத்துக்கும் கெடுதல் செய்யாது.

வீட்டில் வேறு பறவை இருந்தால் மீட்ட கிளியைத் தனி அறையில் ஒரு மாதத்துக்குமேல் வையுங்கள். பழைய பறவைக்கு முதலில் தீனி, புதியதற்குக் கடைசியில், பிறகு கை கழுவுங்கள். காய்ந்த எச்சத்தைத் துடைப்பத்தால் கூட்டாமல் நனைத்துத் துடையுங்கள். கிளிக்காய்ச்சல் மனிதருக்கும் தொற்றும், நுரையீரலைப் பிடிக்கும்.

தங்களிடம் கேட்பது இவ்வளவுதான். அவகாடோவைப் பற்றிய திருத்தத்தை அடுத்த இணைப்பிலேயே வெளியிடுங்கள். அடுத்தமுறை பறவைகளைப் பற்றி எழுதும்முன் ஒரு பறவை மருத்துவரிடம் காட்டுங்கள். கட்டுரையாளர்மீது எனக்குக் கோபமில்லை, அவர் விரும்பினால் ஒரு காலை எங்கள் காப்பகத்துக்கு வரட்டும். கத்தி, பலகை இரண்டும் தருகிறேன். பூசணியை அவர் வெட்டலாம், தோல் கெட்டி.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
ஓய்வு பெற்ற மருந்தாளுநர்